நுரையீரல் புற்றுநோய் மருந்தாய்வுகள்: பதிவேட்டின் மொழியும் நோயாளரின் மொழியும்

படிகச் சிலிக்காத் தூசியை 1997-இலும் டீசல் எஞ்சின் புகையை 2012-இலும் மனிதரிடம் நுரையீரல் புற்றுநோய் உண்டாக்குவன எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. நாமக்கல் லாரித் தொழிலாளரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளரும் புழங்கும் காற்று இத்தகையது. எனவே இந்நோய்க்கான மருந்தாய்வுகளைப் பற்றிய அறிவு இவ்வட்டாரத்திற்கு இன்றியமையாதது. அதற்கு முதல் தடை சொல்லே என்பது இக்கட்டுரையின் கருத்து. 'பரிசோதனை' என்றால் இரத்தம் எடுப்பதும் ஸ்கேன் எடுப்பதுமே நோயாளருக்குத் தோன்றும். 'சோதனை' என்றாலோ துன்பம் என்னும் பொருளும் உடன்வரும். ஆகவே 'மருந்தாய்வு' என்பதே இங்கு ஆளப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருந்தாய்வுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2018 ஏப்ரல் முதல், ஆய்வில் ஒருவரையும் சேர்க்கும் முன்பே பதிவுசெய்தல் கட்டாயம். பதிவேட்டில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் பதிவுகள் ஆங்கிலத்தில் உள்ளன. நோயாளர் முதலில் நோக்க வேண்டியவை மூன்று: ஆய்வு நடைபெறும் ஊர், சேர்ப்புத் தகுதி, ஆள்சேர்ப்பு இன்னும் நடைபெறுகிறதா என்னும் குறிப்பு.

தகுதி என்பதே பலர் இடறும் இடம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2016-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றம் உடைய முற்றிய நிலை நோயாளர் 350 பேரை ஏற்றது. தம் திசு அறிக்கையில் அம்மாற்றம் உள்ளதா என்று அறியாதவர் அப்பதிவைப் படித்தும் பயனில்லை. குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை மட்டும், மறு பிரிவினருக்கு அதனுடன் கீமோதெரபியும் தரப்பட்டன. மருந்தில்லாமல் விடப்பட்டவர் எவருமில்லை. 'பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான்' என்னும் பரவலான அச்சம் இத்தகைய ஆய்வுகளுக்குப் பொருந்தாது. நோய் முற்றாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு 8 மாதத்திலிருந்து 16 மாதமாயிற்று. கடுமையான பக்கவிளைவுகளும் ஏறத்தாழ இரு மடங்காயின. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான விளக்கம்.

2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள், மருந்தாய்வுகள் விதிகளின்படி, ஒப்புதலுக்கு முன் தரப்படும் தகவல்தாள் நோயாளருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகுவதால் வழக்கமான சிகிச்சை நிற்காது. இத்தொடரில் தமிழ் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இத்தாள் ஒன்றே. அதுவும் கையொப்பமிடும் வேளையில். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்கிறது விதி. அச்சாட்சியின் காதில் விழும் சொல் 'பரிசோதனை'யா 'மருந்தாய்வா' என்பது பெயர்ப்பவரைப் பொறுத்தது.