எழுதி வைத்தால்தான் சாதனை

வானொலியில் புதிர் நேரம் வைத்தால் நான் அடிக்கடி கேட்க நினைக்கும் கேள்வி இது. நம் நாட்டில் 49 ஆண்டுகள் யாராலும் தொட முடியாமல் இருந்த ஓர் ஓட்டச் சாதனையை உடைத்தவர் எந்த மாநிலத்துப் பையன்?

விடை, மலாக்கா. பெயர் கைருல் ஹஃபிஸ் ஜந்தான். 2017 ஜூலையில் புக்கிட் ஜாலில் திடலில் நடந்த மலேசியப் பொதுப் போட்டியில் 200 மீட்டரை 20.90 விநாடியில் ஓடி முடித்தார். அதற்கு முந்தைய தேசிய சாதனை 20.92 விநாடி. அந்த நேரத்தைப் பதிவு செய்தவர் நம்மவர், டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன். இடம் மெக்சிகோ, ஆண்டு 1968.

இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விநாடியில் நூறில் இரண்டு பங்கு. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சரியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், 1968-இல் யாரோ அதைத் துல்லியமாக அளந்து எழுதி வைத்தார்கள் என்பதுதான்.

அமெரிக்காவில் 27 கெஜம்

இப்படி எண்களை எழுதி வைப்பதில் உலகிலேயே பைத்தியமாக இருப்பவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பல்கலைக்கழக அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலில், ஒவ்வோர் ஆட்டக்காரரும் பந்தை ஏந்தி எத்தனை கெஜம் ஓடினார், எத்தனை முறை எறிந்தார், எதிராளியை எத்தனை முறை மடக்கினார் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பெரிய அணி, சின்ன அணி என்ற பேதமில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு சாதனைப் புத்தகம் இருக்கும்.

1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் 2,628 கெஜம் ஓடினார். 2024 பருவத்தில் பாய்சி ஸ்டேட் அணியின் ஆஷ்டன் ஜென்டி அதை நெருங்கி வந்தார். கடைசி ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கு 2,601. சாண்டர்ஸின் எண்ணைத் தொட 27 கெஜம் குறைவு.

கதை அதோடு முடியவில்லை. சாண்டர்ஸ் அந்த 2,628 கெஜத்தை 11 ஆட்டங்களில் எடுத்தார். ஜென்டிக்குக் கிடைத்தவை 14 ஆட்டங்கள். தவிர, பருவ முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டத்தில் சாண்டர்ஸ் எடுத்த 222 கெஜம் கணக்கில் சேரவே இல்லை. அந்த ஆட்டங்களைப் பருவக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 2002-இல்தான் வந்தது. சேர்த்திருந்தால் அவர் எண் 2,850. இவ்வளவையும் இன்று உட்கார்ந்து விவாதிக்க முடிகிறது என்றால், அன்றைய ஒவ்வோர் ஆட்டத்தின் தாளும் பத்திரமாக இருப்பதால்தான்.

எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்பது ஓடியவரின் திறமை அளவுக்கே முக்கியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

நம் பெயர்கள், நம் எண்கள்

மலேசியத் திடல்தட வரலாற்றைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். ஜெகதீசன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 200 மீட்டர் தங்கம். 1966 பேங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கங்கள். மருத்துவப் படிப்பையும் ஓட்டத்தையும் ஒன்றாகச் சுமந்ததால் 'பறக்கும் டாக்டர்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

அதே பேங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. 1966-இல் தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, இரண்டுமே ஜெகதீசனுக்கும் ராஜாமணிக்கும் போயின. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1985 ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் திடல்தடப் போட்டியில் பி. ராஜ்குமார் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடியில் ஓடித் தங்கம் எடுத்தார். அந்த நேரம் தேசிய சாதனையாக 30 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர் ஜி. சரவணன்.

இவர்கள் எல்லாரும் தேசிய அளவுக்கு வந்தவர்கள். கடிகாரமும் அதிகாரிகளும் இருந்த திடல்களில் ஓடியவர்கள். அதனால் அவர்கள் எண்கள் பிழைத்தன.

கணக்கு தவறினால் என்ன ஆகும்

காற்பந்துக்கு வாருங்கள். நம் அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆன், நாட்டுக்காக 195 ஆட்டங்கள் ஆடியவர் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதே அணியில் கோல் கம்பத்தைக் காத்தவர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். 1988-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள். கிளப் அணிகளோடு ஆடியதைச் சேர்ப்பதா, வேண்டாமா என்பதில்தான் குழப்பம்.

மொக்தார் டஹாரிக்கும் இதே சிக்கல் இருந்தது. பல ஆண்டுகள் வெவ்வேறு எண்கள் உலவின. பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்த்த பிறகுதான் 142 ஆட்டங்களில் 89 கோல் என்ற கணக்கு நிலைத்தது. அந்த எண் வந்த பிறகு உலகக் காற்பந்து ரசிகர்கள் மலேசியா பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கோல் போட்டவர் மறைந்தது 1991-இல். மரியாதை வந்து சேர இத்தனை காலம்.

நாட்டின் பெரிய ஆட்டக்காரர்களுக்கே இந்த நிலை என்றால், தோட்டத்துத் திடலில் ஓடியவர்களை யோசித்துப் பாருங்கள்.

கேடயத்தில் பெயர் இருக்கிறது, நேரம் இல்லை

ஜாசின், மெர்லிமாவ், தெபோங், பத்தாங் மலாக்கா, டுரியான் துங்கல் பக்கம் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு கதையாவது வரும். காலையில் பால் வெட்டிவிட்டு, மாலையில் வெறுங்காலோடு பந்து உதைத்த அண்ணன். பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத அக்கா. மாநிலத்துக்கு ஓடப் போக வேண்டியவர், பஸ் காசு இல்லாமல் நின்றுவிட்டார் என்ற வருத்தம். பெயர் சொல்வார்கள், லயம் சொல்வார்கள், யாருடைய பிள்ளை என்பதும் நினைவிருக்கும். எத்தனை விநாடி என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

பழைய தமிழ்ப்பள்ளிகளின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கேடயங்களை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன வெள்ளித் தகடுகளில் ஆண்டும் வென்ற அணியின் பெயரும் இருக்கும். நேரமோ தூரமோ பெரும்பாலும் இருக்காது. தோட்டங்கள் கைமாறி, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு நகர்ந்தபோது, பல இடங்களில் அந்தக் கேடயங்களும் எங்கேயோ போய்விட்டன. திடல் செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறியது. ஓடியவர்களின் வேகம் எதிலும் பதிவாகவில்லை.

இது வெறும் பழம்பெருமை விஷயம் இல்லை. இன்று ஒரு பிள்ளையின் எதிர்காலம் ஓர் எண்ணில் தங்கியிருக்கலாம். 2022-இல் உலக இளையோர் போட்டியில் 100 மீட்டரை 10.09 விநாடியில் ஓடிய அஸீம் ஃபாமி, பிறகு அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஷெரீன் சாம்சன் வல்லபோய், மினசோட்டாவில் உள்ள வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடியவர். 400 மீட்டரில் நாட்டின் பெண்கள் சாதனையை மாற்றி எழுதினார். அவருடைய பெற்றோர் சாம்சன் வல்லபோய், ஜோசப்பின் மேரி இருவரும் முன்னாள் தேசிய ஓட்டக்காரர்கள். அமெரிக்கப் பயிற்றுநர் நம் ஊர்த் திடலுக்கு வந்து பார்க்கமாட்டார். அவர் பார்ப்பது சரியாக அளக்கப்பட்ட நேரத்தைத்தான்.

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், நம் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் 100-க்கு 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சான்றிதழும் பதிவும் இல்லாமல் அந்தப் புள்ளியைக் கேட்க முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பெரிய செலவு ஒன்றுமில்லை. பள்ளிக்கு ஒரு தடித்த நோட்டு. அதில் மாணவர் பெயர், வயது, போட்டி, நேரம் அல்லது தூரம், தேதி, திடல். கூடவே எப்படி அளந்தோம் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரிதான் பின்னாளில் சண்டை வராமல் காக்கும்.

கைக்கடிகாரத்தில் அளந்தால் ஒரே ஓட்டக்காரருக்கு மூன்று பேர் நிற்கட்டும். மூன்று நேரத்தில் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரம் காட்டினால் அதுவே கணக்கு. கைக்கடிகாரம் எப்போதும் கொஞ்சம் தாராளம் காட்டும். கை விசையை அழுத்துவதில் ஏற்படும் தாமதம்தான் காரணம். 100, 200 மீட்டர் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். கைக்கடிகாரத்தில் 12.0 என்றால் மின்னணுக் கணக்கில் சுமார் 12.24 என்று வைத்துக்கொள்ளலாம்.

புல் திடலில் சுண்ணாம்புக் கோடு போடும்போது தூரத்தை நாடா வைத்து அளந்துவிடுங்கள். '100 மீட்டர்' என்று அறிவித்த தடம் 92 மீட்டராக இருந்தால் அந்தச் சாதனைக்கு மதிப்பில்லை. காற்றையும் மறக்கக்கூடாது. பின்னால் இருந்து தள்ளும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால், குறுகிய தூர ஓட்டத்தில் அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்பதில்லை. பள்ளியில் காற்றுமானி இருக்காது. பலத்த காற்று அடித்தது என்று குறித்து வைத்தாலே நேர்மை.

ஜெகதீசனின் 20.92-க்கும் இப்படி ஒரு குறிப்பு உண்டு. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, குறுகிய தூர ஓட்டக்காரருக்கு அது உதவி. கைருல் ஓடியது நம் புக்கிட் ஜாலிலின் புழுக்கத்தில். இதைச் சொல்வதால் பெரியவரின் பெருமை குறையாது. 49 ஆண்டுகள் கழித்து ஓடிய தம்பியின் உழைப்பும் சேர்ந்து தெரியும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் இன்னொரு வேலை செய்யலாம். வீட்டில் பரணில் கிடக்கும் பழைய சான்றிதழ், கோப்பை, படங்களைக் கைப்பேசியில் எடுத்து, ஆண்டு வாரியாக ஒரே இடத்தில் சேருங்கள். படத்தின் கீழே இருப்பவர்களின் பெயர்களை இப்போதே எழுதுங்கள். அந்த முகங்களை அடையாளம் காட்டக்கூடிய தாத்தாவும் பாட்டியும் இன்று இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் சரிபார்க்க முடியாதவை இருந்தால், 'நினைவிலிருந்து' என்று பக்கத்தில் குறிக்கலாம்.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்று கடிதம் வந்தால், தண்ணீர்ப் போத்தலோடு ஒரு பேனாவும் நோட்டும் கொண்டு போங்கள். கடைசியாக வந்த பிள்ளையின் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை முதலில் முந்த வேண்டியது தன்னுடைய அந்த எண்ணைத்தான்.