பழைய மோர்கன் த்ரீ வீலர் வாங்கப் போகிறீர்களா?

எஞ்சினை ஒளித்து வைக்காத வண்டி அது. இரண்டு பெரிய சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் முன்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் நீண்ட அலுமினிய உடல், இரண்டு பேர் மட்டும் உட்காரத் திறந்த இருக்கை, கதவில்லை, கூரையில்லை, பின்னால் ஒற்றைச் சக்கரம். இங்கிலாந்தின் மால்வெர்ன் ஊரில் செய்த மோர்கன் த்ரீ வீலரைச் சாலையில் ஒருமுறை பார்த்தவர்கள் லேசில் மறப்பதில்லை. அப்படி மறக்க முடியாமல் தவிப்பவர்களில் சிலர், பழையது ஒன்றாவது வாங்கிவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். பர்மிங்காமில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருக்கிறேன். வாங்கும் முன் “வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க” என்று என்னை அழைத்துப் போவார்கள். நான் மிகவும் விரும்பிச் செய்யும் வேலை இது. இந்த வண்டியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிடித்த வண்டி தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்தாலும், நல்ல ஆளிடம் தவறான வண்டி போய்ச் சேர்ந்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

வண்டியின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.எஃப்.எஸ். மோர்கன் 1909-ல் பெஜோ எஞ்சின் ஒன்றை வைத்துத் தன் முதல் மூன்று சக்கர வண்டியைச் செய்தார். அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கு அது வந்துவிட்டது. 1952 வரை மோர்கன் கம்பெனி மூன்று சக்கர வண்டிகளைச் செய்தது, பிறகு நிறுத்திவிட்டது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டு கழித்து, 2011 ஜெனீவா கண்காட்சியில் பழைய அழகோடு புதிய வண்டியாக மீண்டும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள எஸ் அண்ட் எஸ் கம்பெனியின் எக்ஸ்-வெட்ஜ் எஞ்சின், ஏறக்குறைய இரண்டு லிட்டர், சுமார் 80 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் மாஸ்டா எம்எக்ஸ்-5 காருடையது, ஐந்து கியர். உடலுக்குள் சட்டம் ஆஷ் மரம். எடை அரை டன்னுக்குச் சற்று மேல்தான் என்பதால் மணிக்கு 185 கிலோமீட்டர் வரை போகும். 2021-ல் இந்த எஞ்சின் வண்டி நின்றுபோனது. ஆகவே இன்று இதை விரும்புகிறவருக்குப் பழைய சந்தையைத் தவிர வேறு வழியில்லை.

நம் ஊர் ஆட்டோவை மனதில் வைத்து இதைப் பார்க்கிறவர்கள் “கவிழாதா?” என்று கேட்பார்கள். ஆட்டோவில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் பாயும். அங்கே தாங்கிக்கொள்ள ஒற்றைச் சக்கரம்தான் இருக்கிறது. அதே நேரத்தில் வளைவும் வந்தால் வண்டி மூலைப்பக்கம் சாயப் பார்க்கும். மோர்கனில் எல்லாம் தலைகீழ். அகலமாக இரண்டு சக்கரம் முன்னால், கனமான எஞ்சினும் அங்கேயே, உட்காரும் இடமோ தரையை ஒட்டி. பிரேக் போட்டால் பாரம் போய் நிற்பது அந்த அகலமான பக்கத்தில். கவிழ்வதைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். மழையில் அந்த ஒற்றைப் பின்சக்கரம் வழுக்குவதைப் பற்றிக் கவலைப்படுவேன். எஞ்சினின் முழு பலமும் ஒரே டயர் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. அந்த டயர் ஓடுவதோ பாதையின் நட்டநடுவில். மற்ற வண்டிகள் ஆயில் சொட்டுவதும், ஆணியும் சரளையும் ஒதுங்கிக் கிடப்பதும் அங்கேதான்.

மூன்று சக்கரம் என்றால் சாலையில் மூன்று தடம். பள்ளத்தை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விட்டுத் தாண்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும், நடுவில் விட்டால் பின்சக்கரம் நேராக அதில்தான் இறங்கும். சர்வீஸ் விஷயத்திலும் இதே தொல்லை. நடுவில் குழி வெட்டி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் இதை ஏற்ற முடியாது. இரண்டு பட்டை உள்ள லிஃப்டிலும் நிறுத்த முடியாது, இரண்டு தடம் மட்டும் உள்ள டிரெய்லரில் ஏற்ற நடுவே தனிப் பலகை போட வேண்டும். ஆண்டுப் பரிசோதனைக்கு எங்கே கொண்டுபோவது, வழியில் நின்றுபோனால் யார் தூக்கி வருவார்கள் என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். ஸ்டெப்னி கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து, உட்கார்ந்து பாருங்கள். கதவு இல்லாததால் விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைத்து, உடம்பைக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது ஒவ்வொரு முறையும் சோதனை. இருக்கையை முன்பின் நகர்த்த முடியாது. பெடல்கள் நெருக்கமாக இருக்கும், அகலமான பூட்ஸ் போட்டால் பிரேக்கோடு சேர்த்துப் பக்கத்துப் பெடலையும் அமுக்கிவிடுவீர்கள். ஒல்லியான அடிப்பாகம் உள்ள ஷூவோடு போய்ப் பாருங்கள். இருபுறமும் சைலன்சர் குழாய்கள் உடலை ஒட்டி ஓடுகின்றன. ஓட்டி முடித்து இறங்கும்போது கெண்டைக்காலோ முழங்கையோ பட்டால் சுட்டுவிடும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரரிடம் இதை அழுத்திச் சொல்வேன். பவர் ஸ்டீரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. பிரேக் பெடலை நிஜமாகவே மிதிக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. முன்கண்ணாடி என்று பெயருக்கு இரண்டு சிறு துண்டுகள்தான் இருக்கும், அதனால் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் நான் ஒரு தெரு தாண்டமாட்டேன். மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

இவ்வளவும் சம்மதம் என்றால்தான் வண்டியைப் பார்க்கப் போக வேண்டும்.

போகும்போது எல்லோரும் முதலில் சொல்வது மைல் கணக்கு. லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். “அண்ணே, 2012 வண்டி. ரொம்பக் கம்மியா ஓடியிருக்கு. புதுசு மாதிரியே இருக்கு” என்றார் சந்தோஷமாக. “ஓடாம நின்னதுதான் தம்பி எனக்கு பயம்” என்றேன். அவருக்கு அது புரியவில்லை. போய்ப் பார்த்தபோது நிஜமாகவே பளபளவென்று இருந்தது வண்டி. குனிந்து முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்கச் சொன்னேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. வண்டியோடு வந்த அதே டயர்கள். பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் விறைத்துப்போய் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள். பைக் டயர் மாதிரி ஒல்லியான, 19 அங்குல டயர்கள் அவை. பிரேக்கின் பெரும்பாரமும் ஸ்டீரிங்கும் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த வண்டியில் முக்கியமானது பெவல் பாக்ஸ். எஞ்சின் முன்னால் இருக்கிறது, அதன் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக நேராகப் பின்னால் வருகிறது. பின்சக்கரத்தைச் சுற்ற வேண்டுமானால் அந்தச் சுழற்சி பக்கவாட்டில் திரும்ப வேண்டும். கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள பெவல் பாக்ஸ்தான் சாய்வுப் பற்சக்கரங்களால் அதைத் திருப்பி, பல் வைத்த பெல்ட் ஒன்றுக்குக் கொடுக்கிறது. அந்த பெல்ட் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆரம்ப ஆண்டு வண்டிகளில் பெவல் பாக்ஸ் தொந்தரவு கொடுத்தது ஊரறிந்த விஷயம். ஆயில் கசிவு, பேரிங் தேய்மானம், ஓட்டும்போது ஊளையிடும் சத்தம். பல வண்டிகளில் அதை மாற்றியிருக்கிறார்கள், சிலவற்றில் திருத்திய வடிவத்தைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வண்டியில் எது இருக்கிறது என்பதற்கு விற்பவரின் வாய்ப்பேச்சு போதாது, பில் வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாம் கியரில் நிதானமாகப் போய், ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தி, பிறகு மெல்ல விட்டுப் பாருங்கள். அழுத்தும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்று பின்னாலிருந்து வந்தால் பற்சக்கரங்களோ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். லெஸ்டர் தம்பி பார்த்த வண்டியில் விட்டபோது தெளிவாக ஊளை கேட்டது. “இந்த வண்டியின் குணமே அதுதான்” என்றார் விற்பவர். கொஞ்சம் சத்தம் இந்த வண்டியில் இருக்கத்தான் செய்யும், உண்மை. அதனால்தான் பார்க்கப் போகும் முன் நல்ல நிலையில் உள்ள இன்னொரு மோர்கனில் ஒருமுறையாவது உட்கார்ந்து போய்வாருங்கள் என்கிறேன். காது பழகாமல் இந்தச் சத்தத்தை எடை போட முடியாது.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் காம்பன்சேட்டர் என்று ஒன்று உண்டு. பெரிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் சீராகச் சுற்றாது, உதைத்து உதைத்துச் சுற்றும். அந்த உதையை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது அதன் வேலை. ஆரம்ப வண்டிகளில் இதுவும் தேய்ந்தது. ஐடிலில் கலகலவென்று உலோகம் உருளும் சத்தம் கேட்டால் சந்தேகப்படுங்கள். இதைக் கண்டுபிடிக்க எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். “நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். போனதும் உள்ளங்கையைச் சிலிண்டர் மீது வைத்துப் பார்ப்பேன். எஞ்சின் வெளியே இருப்பதில் உள்ள பெரிய வசதி இது. வெதுவெதுப்பாக இருந்தால், எதையோ மறைக்கச் சூடாக்கியிருக்கிறார்களோ என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

பெல்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும், கல் குத்திய ஓட்டை இருந்தாலும் விலையைப் பேச வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றுவது சட்டென்று முடியும் வேலையில்லை, கூலி ஏறும். முன்சக்கரங்களின் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு சின்ன ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று ஒலிக்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கிலும் கிங்பின்னிலும் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும். டார்ச் அடித்து முன்பக்கச் சேஸிஸ் குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக எஞ்சினைத் தாங்கும் இடங்களில். 2014 வாக்கில் சேஸிஸை வலுவாக்கி, மேடுபள்ளத்தில் ஸ்டீரிங் தானாக இழுப்பதையும் குறைத்தார்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு அந்தத் திருத்தத்துக்குப் பிந்தைய வண்டியைத்தான் சொல்வேன். முந்தைய வண்டி மலிவாகக் கிடைத்தாலும், திருத்தங்கள் செய்த பில்கள் இல்லாவிட்டால் மிச்சப்படுத்திய பணம் ஒர்க்‌ஷாப்பில்தான் போய்ச் சேரும்.

பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அலுமினியத் தகடும் இரும்பு ஆணியும் சேரும் இடத்தில் பெயிண்ட் கொப்புளம் போட்டிருந்தால் உப்பு உள்ளே போயிருக்கிறது. உட்காரும் இடத்தில் ஈர வாடை அடிக்கிறதா என்று முகர்ந்தும் பாருங்கள், உள்ளே இருப்பது மரம். பெட்ரோல் டேங்கில் என்ன இருக்கிறது, எவ்வளவு நாளாக இருக்கிறது என்றும் கேளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது தங்கினால் கெட்டுவிடும். விலை கூடினாலும் குறைந்த எத்தனால் உள்ள பெட்ரோலே இதற்கு நல்லது.

காகித வேலை சுலபம். ஆண்டுப் பரிசோதனை விவரத்தைப் பதிவு எண் கொடுத்து அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மைல் கணக்கு ஏறுமுகமாகத்தான் இருக்கிறதா, ஒரே குறை வருடாவருடம் எழுதப்பட்டிருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கடன் பாக்கி உள்ளதா என்று தனியே சரிபார்க்க வேண்டும். 2013 ஜனவரி 19-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர், இந்த அளவு பலமுள்ள மூன்று சக்கர வண்டியை ஓட்ட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். லண்டனில் இருப்பவர்கள் புகைக் கட்டணம் உண்டா என்று பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், 2023 ஆகஸ்ட் 29 முதல் அந்தக் கட்டண வளையம் நகரம் முழுக்க வந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் விலை கேளுங்கள், எல்லாக் கம்பெனியும் இதை எடுப்பதில்லை.

தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்பவருக்கு நான் 2022-ல் வந்த மோர்கனின் சூப்பர் 3 வண்டியைப் பார்க்கச் சொல்கிறேன். அதில் ஃபோர்டின் மூன்று சிலிண்டர் எஞ்சின் உள்ளே மறைந்திருக்கிறது, தண்ணீரால் குளிர்கிறது, நெரிசலில் பயமில்லை. பழைய வண்டியின் எஞ்சினுக்குக் காற்றுதான் குளிர்ச்சி, சிக்னலில் நின்றுகொண்டே இருந்தால் சூடாகிக்கொண்டே போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை கிராமத்துச் சாலையில் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு அந்த வெளியே துருத்திய எஞ்சின்தான் வேண்டியிருக்கும். அந்த ஆசையை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

லெஸ்டர் தம்பி அந்தப் பளபளப்பு வண்டியை விட்டுவிட்டார். பிறகு 2016-ல் வந்த ஒன்றை வாங்கினார். அது நிறைய மைல் ஓடியது, மூக்கில் கல் பட்ட தழும்புகள், ஆனால் தடித்த கோப்பு நிறைய பில்கள். பெவல் பாக்ஸ் ஆயில் மாற்றிய தேதிகூட அதில் இருந்தது.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், வண்டி விலைக்கு மேல் ஒரு நல்ல தொகையை முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். மோர்கன் த்ரீ வீலர் கிளப்பில் சேர்ந்து, பக்கத்தில் யார் இதை நன்றாகப் பழுது பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஷெட்டில் பூட்டி வைத்து அழகு பார்க்காதீர்கள். வெயில் இருக்கும் நாளிலெல்லாம் வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்.