சம்பளக் கவரில் என்ன எழுதியிருக்கிறது?



சென்ற மாதம் முதலிபாளையம் குழுக் கூட்டத்துக்கு ஒரு சகோதரி தன் சம்பளக் கவரைக் கொண்டு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கவரின் மேல் பென்சிலில் 3,600 என்று மட்டும் எழுதியிருந்தது. "எதுக்கு எவ்வளவுன்னு ஒண்ணும் தெரியலீங்க. கேட்டா, இஷ்டமிருந்தா வா, இல்லாட்டி நின்னுக்கோங்கறாங்க" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஷிப்டுக்கு 400 ரூபாய். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட். ஒன்பது ஷிப்டுக்கு 3,600 சரிதானே என்றார்கள் எல்லோரும். சரியில்லை. ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். அதற்கு மேல் பார்க்கும் 4 மணி நேரம் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம். அந்த 4 மணி நேரத்துக்கு இன்னொரு முழு ஷிப்ட் கூலி வரவேண்டும். ஆறு நாளுக்கு 4,800. 'ஒன்றரை' என்ற ஒரு வார்த்தையில் வாரம் 1,200 ரூபாய் போய்விடுகிறது! பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் பிடிக்கவில்லை, அதாவது கட்டவே இல்லை போலிருக்கிறது என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

இந்தக் கணக்கை நாம் போட வேண்டியதில்லை, கம்பெனியே தர வேண்டும். 2019-ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி சம்பளச் சீட்டு கட்டாயம். எந்த வேலைக்கு என்ன கூலி, சம்பளம் எந்த நாளில், புகார் சொல்ல வேண்டிய ஆய்வாளர் பெயர், முகவரி என்ன என்று கம்பெனியில் போர்டு வைக்க வேண்டும். காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தாலும் இதே சட்டம்தான். அவர் தராமல் ஓடிவிட்டால் கம்பெனி முதலாளி பொறுப்பு.

போர்டில் கூலி இருந்தால் இன்னொன்றும் வெளிச்சமாகும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பக்கத்து டேபிளில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? நம் பனியனை வாங்கி உடுத்தும் ஐரோப்பிய நாடுகளில், ஒரே வேலையில் ஆண்களின் சராசரிச் சம்பளம் என்ன, பெண்களுக்கு என்ன என்று தொழிலாளி கேட்டால் சொல்லியாக வேண்டும் என 2023-ல் விதி கொண்டு வந்தார்கள். நமக்கு அந்த அளவு இன்னும் இல்லை.

'சீட்டு கேட்டா வேலை போயிரும்' என்ற பயம் நியாயமானதுதான். நாங்களும் தனியாகப் போய்க் கேளுங்கள் என்று சொல்லமாட்டோம். ஒரே லைனில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்கலாம், தொழிற்சங்கம் மூலமும் மனு போடலாம். பாக்கிக் கூலிக்கு மூன்று வருடத்துக்குள் மனுச் செய்யலாம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான், நாம் அல்ல.

அதுவரை ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், பீஸ் ரேட் என்றால் எத்தனை பீஸ் என்று தினமும் எழுதுங்கள். குழுவின் வரவு செலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதும் நமக்கு இது கஷ்டமில்லை. கவரையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு நோட்டும் கவரும் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.