தாமே அழியும் தற்காலிகக் கோப்புகள்

பரீட்சைப் புள்ளிகளைத் தொகுக்கும் கணினிச் செய்நிரலொன்று இடைக்கணக்குகளைத் தற்காலிகக் கோப்பில் எழுதிக்கொள்கிறது. மாணவன் ஓரத்தாளிற் கூட்டிப் பார்ப்பது போன்றதே இது. வேலை முடிந்ததும் அதனை அழிக்கும் கட்டளையைச் செய்நிரலின் ஈற்றில் எழுதிவைப்பது பலரின் வழக்கம். செய்நிரல் இடைநடுவில் முறிந்தாலோ அந்த ஈற்றுவரி நிறைவேறுவதேயில்லை. பிள்ளைகளின் புள்ளிகள் வேற்றார் கண்ணிற் படக் கிடக்கும். இத்தகைய மிச்சங்களால் வட்டு நிரம்பினாற் பிற வேலைகளும் நின்றுபோகும்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையில் இதற்கு நேர்த்தியான வழியொன்றுண்டு. அங்கே கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்பைத் திறந்தவுடனேயே பெயரை அடைவிலிருந்து நீக்கிவிடலாம். முதலிலேயே அழிப்பதா என்று வியக்க வேண்டாம். திறந்து வைத்திருக்கும் செய்நிரல் அதில் தடையின்றி எழுதும், வாசிக்கும். பிறர் பெயர்சொல்லித் தேடினால் அகப்படாது. செய்நிரல் முடியினும் முறியினும் அதன் கோப்புகளை முறைமையே மூடிவிடும். பெயரும் இன்றி, பிடித்திருப்பாரும் இன்றிப்போன கோப்பின் இடம் அப்பொழுதே மீட்கப்படும். விண்டோஸிலும், மூடியதும் அழிக்குமாறு திறக்கும்போதே பணித்துவிடலாம். இன்னொரு செய்நிரலுக்குப் பெயர்சொல்லிக் கையளிக்க வேண்டிய கோப்புக்கு மட்டும் யுனிக்ஸ் வழி பொருந்தாது.