வேருக்கு ஒரு பருவம்

ஒரு செடியை எப்போது நடவேண்டும் என்று கேட்டால், புத்தகத்தைப் புரட்டி விடை சொல்லிவிடலாம். அந்தப் புத்தகம் எந்த நாட்டு வானத்தின் கீழ் எழுதப்பட்டது என்று கேட்பவர்களோ சிலர்தாம். அக்கேள்வியின் அருமையை எனக்கு உணர்த்தியது லவெண்டர் என்னும் சிறு செடி.

நான் சில ஆண்டுகளாக வாழ்ந்துவரும் அடிலெயிட் நகரம் அவுஸ்திரேலியாவின் தென்கரையில் உள்ளது. அங்கே மாரியில் மழை உண்டு, கடுங்குளிர் இல்லை. கோடையோ மழை குன்றியது, வெயில் கொடியது. 2019ஆம் ஆண்டு ஜனவரி 24ஆந் திகதி வெப்பம் 46.6 பாகை செல்சியசை எட்டியது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள், கலிபோர்ணியா, சிலியின் நடுப்பகுதி ஆகியவற்றின் காலநிலையும் இத்தகையதே. லவெண்டரின் தாயகம் மத்தியதரைக் கடல் சார்ந்த கல்மலைச் சரிவுகள். நமது துளசியும் கற்பூரவள்ளியும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

அங்கே எனக்கு வாய்த்த நண்பர் ஒருவர் வலிகாமத்தில் கிணற்று நீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். எழுபது வயதின் பின் மகளோடு வாழ வந்தவர். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லவெண்டர் நட்டார். இருமுறையும் தை மாதத்துக்குள் செடிகள் பட்டுப்போயின. "இந்த மண்ணுக்கு என்ரை கை ஒத்துவராது, மாஸ்ரர்" என்றார். ஆயுள் முழுவதும் மண்ணோடு வாழ்ந்தவரின் வாயில் அச்சொல் பிறந்தது என் நெஞ்சைச் சுட்டது. ஊரை இழந்து வந்தவருக்குத் தம் கையின்மீதிருந்த நம்பிக்கையாவது எஞ்சவேண்டாமா?

நண்பரின் முறையில் குற்றம் காண்பது எளிதன்று. ஆங்கிலத் தோட்டநூல்கள் லவெண்டரை இளவேனிலில் நடச் சொல்கின்றன. இங்கிலாந்தில் அது ஏப்ரிலும் மேயும். தெற்கு அரைக்கோளத்தில் இளவேனில் செப்டெம்பரில் தொடங்குவதால் அவர் ஒக்டோபரில் நட்டார். நாற்றுச் சாலைகளில் பூத்த செடிகள் கண்ணைப் பறிப்பதும் அப்பருவத்திலேதான்.

ஆனால், இங்கிலாந்தில் இளஞ்செடிக்குப் பகை மாரி. ஈரமும் உறைபனியும் வேரைக் கெடுக்கும் என்பதால் மாரி கழிந்தபின் நடுகிறார்கள். அடிலெயிட்டிலோ பகை கோடை. ஒக்டோபரில் நட்ட செடி வேரோடுமுன் டிசெம்பர் வெயில் வந்துவிடும். எனவே அங்கே நடுவதற்கு உகந்தது இலையுதிர்காலம். ஏப்ரிலில் கோடையின் சூடு மண்ணில் எஞ்சியிருக்கும், காற்றுக் குளிர்ந்திருக்கும், மழையும் அணுகியிருக்கும். இலையில் வளர்ச்சி தெரியாவிடினும் வேர் இறங்கிக்கொண்டே இருக்கும். கோடைக்கு முன் அதற்கு ஆறு மாதமேனும் கிடைக்கும். கலிபோர்ணியக் கரையோரத்தில் இக்காலம் ஒக்டோபர், நவம்பர் என அமையும். விந்தை யாதெனில், நூலில் கண்ட மாதத்தையே பின்பற்றியிருந்தால் நண்பர் வென்றிருப்பார். பருவத்தைப் பின்பற்றியதால் தோற்றார்.

அடுத்தது நீர். கிணற்றடியில் பழகிய கை, வாடிய செடியைக் கண்டால் சும்மா இராது. லவெண்டரோ நீர் தேங்கினால் வேரழுகி மாளும். ஆகையால் மண்ணை 20 சென்ரிமீற்றர் மேடாக்கி, நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தில், 60 முதல் 90 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நடவேண்டும். சுண்ணாம்புச் சார்புள்ள மண் அதற்கு உவப்பு. உரம் மிகுந்தால் இலை கொழுத்துப் பூக் குறையும். நட்டவுடன் ஆழமாக நீர் விட்டு, மழை பிடிக்கும்வரை வாரம் ஒருமுறை ஊற்றினாற் போதும். முதற் கோடையில் மண் நன்கு காய்ந்தபின் மட்டும் நீர் தேவை. வேரூன்றிய செடி அதன்பின் பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

இனத்தையும் அறிந்து தெரியவேண்டும். ஆங்கில லவெண்டர் எனப்படுவது நன்கு பூக்கக் குளிர் வேண்டும். 1921இல் இலண்டனிலிருந்து தஸ்மேனியாவுக்குக் குடியேறிய டென்னி குடும்பத்தார் தொடங்கிய பிரைட்ஸ்டோ தோட்டத்தில் அது செழித்ததற்கு அங்குள்ள குளிரும் துணை. மென்மாரி நிலத்துக்கு, இலை விளிம்பு பல்போன்ற டென்டாட்டா இனம் பொருந்தும்; அது மாரியிலும் பூக்கும். பூ முடிந்ததும் மூன்றிலொரு பங்கு கத்தரிக்கலாம். இலையற்ற முதிர்தண்டு வரை வெட்டினால் மீண்டும் தளிர்ப்பது அரிது.

இவற்றையெல்லாம் சொல்லி நண்பரின் மனத்தை மாற்ற என்னால் இயலவில்லை. இறுதியில், "ஊரிலை மாரிமழையை நம்பி நெல் விதைச்சனீங்கள்தானே, அண்ணை? இதுவும் அதுதான்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். அவ்வாண்டு ஏப்ரில் நடுப்பகுதியில், மூன்றாம் முறையாக, டென்டாட்டாவில் பத்துக் கன்று நட்டார். எட்டுப் பிழைத்தன. மறு கோடையில் அவற்றின் அருகே நின்றபடி, நீர்க்குழாயைத் தொடாதிருக்கத் தாம் படும் பாட்டை எனக்குச் சொன்னார்.

விதியை மாணவருக்குக் கற்பிக்கும் நாம், அவ்விதி எந்த ஆபத்துக்கு அஞ்சி எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். அது தெரிந்தவன் எந்த நாட்டுக்குப் போனாலும் தன் நடுகைக் காலத்தைத் தானே கண்டுகொள்வான்.