குச்சிக்கிழங்கு வந்த வழி

ஓமலூரைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல ஒரு நாள் காலாற நடந்து பாருங்க. காட்டுல குச்சிக்கிழங்கு நிக்கும் (மத்த ஊர்ல மரவள்ளி). சேகோ ஆலைக் களத்துல ஜவ்வரிசி வெள்ளையா காயும். இதைவிட உள்ளூர்ச் சரக்கு உண்டான்னு தோணும். ஆனா இதுல எதுவுமே இங்க பிறந்ததில்ல.

கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. நமக்கு முன்பே கேரளத்தில் பரவியது. 'சேகோ' மலாய் வழிவந்த சொல். அங்கே அது ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பான் வசமானதும் அந்த வரத்து நின்றது. 1943 வாக்கில், கருவாட்டு வியாபாரமாகக் கேரளம் போன சேலம் மாணிக்கம் செட்டியார் அங்கே மரவள்ளி மாவைப் பார்த்தார். பினாங்கிலிருந்து குடிபெயர்ந்து வந்த போபட்லால் ஷாவுக்கு அந்த மாவு எடுக்கும் முறை தெரியும். இருவரும் சேர்ந்தார்கள். கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. பனை போய்க் கிழங்கு வந்தது. பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இன்னைக்கு இது மகாராஷ்டிரா, குஜராத்னு லாரி ஏறுது. விரத நாள்ல அங்க அரிசி ஆகாது, சாபுதானா கிச்சடி ஆகும். கருவாட்டு வியாபாரத்துல தொடங்குன கதை விரதச் சாப்பாட்டுல முடியுது! நம்ம வீட்லயோ வத்தல், பாயாசத்தோட சரி.

2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. செடி, தொழில், பேரு எல்லாமே வெளியூர். பாடுபட்டது இந்த மண்ணு. 'அது நம்ம பாரம்பரிய உணவே இல்ல'ன்னு யாராவது அடிச்சுப் பேசினா, எத்தனை வருஷம் இருந்தா பாரம்பரியம்னு கேளுங்க. ஜவ்வரிசிக்கு எண்பது போதுமானதா இருந்துச்சு.