கட்சி "நீ எங்க ஆளே இல்லை"ன்னு சொன்னா அமெரிக்காவில் என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு விநோதமான தீர்மானத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

2021 நவம்பர். வயோமிங் மாநில ரிபப்ளிகன் கட்சியோட குழு கூடி ஓட்டு போடுது. "லிஸ் செனியை இனிமே நாங்க ரிபப்ளிகனா அங்கீகரிக்க மாட்டோம்." 31க்கு 29, தீர்மானம் பாஸ். செனி அந்த மாநிலத்துக்கு இருக்கிற ஒரே பிரதிநிதிகள் சபை உறுப்பினர். முன்னாள் துணை அதிபர் டிக் செனியோட மகள். ஜனவரி 6 கலவரத்துக்கு அப்புறம் டிரம்ப்பை இம்பீச் பண்ண ஓட்டு போட்டாங்க, அதுதான் கோபம்.

சரி, தீர்மானம் பாஸ் ஆச்சு. அப்புறம்? ஒண்ணும் ஆகலை. அவங்க பதவி போகலை. அடுத்த வருஷம் ரிபப்ளிகன் பிரைமரியில, ரிபப்ளிகனாவே, வாக்குச்சீட்டுல பேர் வந்தது.

நமக்கு இது சட்டுனு புரியாது. இங்க பொதுச்செயலாளர் கையெழுத்து போட்ட ஒரு அறிக்கை வந்தா "அடிப்படை உறுப்பினர் உள்பட அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும்" ஆள் காலி. கொறடா உத்தரவை மீறினா, 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி எம்.பி. பதவியே போகலாம். அமெரிக்காவில் அந்த மாதிரி சட்டமே கிடையாது. கட்சியில சேர நம்ம ஊர் மாதிரி உறுப்பினர் அட்டையும் வேண்டியதில்லை. பல மாநிலங்கள்ல, வாக்காளரா பதிவு பண்ணும்போது எந்தக் கட்சின்னு ஒரு கட்டத்துல டிக் அடிக்கிறீங்க. அவ்வளவுதான், நீங்க அந்தக் கட்சி. சில மாநிலங்கள்ல அந்தக் கட்டம்கூட இல்லை.

அவங்க அரசியலமைப்பு எழுதினது 1787ல. அதுல கட்சிங்கிற பேச்சே கிடையாது. 1796ல விடைபெறும்போது ஜார்ஜ் வாஷிங்டன் கட்சிச் சண்டை நாட்டைக் கெடுக்கும்னு எழுதி வெச்சுட்டுப் போனார். ஆனா அவரோட கேபினட்லயே இருந்த ஹாமில்டனும் ஜெஃபர்சனும் அதுக்கு முன்னாடியே இரண்டு அணியா பிரிஞ்சாச்சு.

இப்போ முக்கியமான கேள்வி. வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறது? ரொம்ப காலம் கட்சிப் பெரிய தலைகள்தான். 1968ல ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலகூடப் போட்டியிடாம டெமாக்ரடிக் கட்சியோட அதிபர் வேட்பாளர் ஆனார். வியட்நாம் போருக்கு எதிரா இருந்தவங்க கொதிச்சுப் போயிட்டாங்க. சிகாகோவில் மாநாடு நடக்கும்போது வெளியே தெருவில் போலீஸ் தடியடி, அதை டிவியில நாடே பார்த்தது. அந்த அசிங்கத்துக்கு அப்புறம் கட்சியே ஒரு கமிஷன் போட்டு விதிகளை மாத்துச்சு. 1972ல இருந்து பிரைமரியில மக்கள் போடுற ஓட்டுதான் கிட்டத்தட்ட எல்லாத்தையும் முடிவு பண்ணுது. ரிபப்ளிகன்களும் அதே வழிக்கு வந்தாங்க.

நம்ம பாஷையில சொல்றேன். ரெப்போ மேல இருக்கிற பேர் கட்சியோடது. ஆனா மெர்ஜ் பண்ற உரிமை பொதுமக்கள் கையில. பெரும்பாலான மாநிலங்கள்ல அந்தத் தேர்தலை நடத்துறதே அரசாங்கம்தான்.

இது எவ்வளவு தூரம் போகும்? 2018, நியூயார்க். ஜோ க்ரௌலி 1999ல இருந்து காங்கிரஸ் உறுப்பினர், குயின்ஸ் பகுதி டெமாக்ரடிக் கட்சிக்கே தலைவர். பிரைமரியில அவரை 28 வயசு அலெக்ஸாண்ட்ரியா ஒகாஸியோ கோர்டெஸ் தோற்கடிச்சாங்க. தொகுதியில சுமார் 7 லட்சம் பேர் வசிக்கிறாங்க. அந்தப் பிரைமரியில விழுந்த ஓட்டு 30,000கூட இல்லை. (சுவாரசியமான விஷயம், க்ரௌலி பேர் நவம்பர் வாக்குச்சீட்டுலயும் இருந்தது. நியூயார்க்ல ஒரே ஆளை ரெண்டு கட்சி நிறுத்தலாம். சின்னக் கட்சி ஒண்ணு முன்னாடியே அவர் பேரைக் கொடுத்துட்டாங்க, எடுக்க முடியலை.)

"பிடிக்கலைன்னா புதுக்கட்சி ஆரம்பிக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. 1992ல ராஸ் பெரோ சுயேச்சையா நின்னு நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார். எலக்டோரல் ஓட்டு? பூஜ்யம். எந்த மாநிலத்துலயும் முதலிடம் வரலை, அதனால ஒண்ணும் கிடைக்கலை. அப்புறம் அவர் ரிஃபார்ம் கட்சின்னு ஒண்ணு தொடங்கினார். 2000 தேர்தலுக்கு அந்தக் கட்சி வேட்பாளராக முயற்சி பண்ணி, பாதியிலேயே விலகினவர் யார் தெரியுமா? டொனால்ட் டிரம்ப். 16 வருஷம் கழிச்சு அவர் ரிபப்ளிகன் பிரைமரி வழியா வந்தார். கட்சியோட மூத்த தலைவர்கள் பலர் எதிர்த்தாங்க. தடுக்க அவங்க கையில ஒரு பட்டனும் இல்லை.

அப்போ கட்சி டம்மியான்னா, இல்லவே இல்லை. வாசல்லதான் காவல் இல்லை. உள்ளே எல்லாச் சாவியும் பெரும்பான்மைக் கட்சி கையில. ஸ்பீக்கர் அவங்க ஆள். ஒவ்வொரு கமிட்டிக்கும் தலைவர் அவங்க ஆள். எந்த மசோதா விவாதத்துக்கு வரும்னு முடிவு பண்றது அவங்க. 2016 பிப்ரவரியில உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்தப்போ ஒபாமா மெரிக் கார்லண்டை நியமனம் பண்ணினார். செனட்ல ரிபப்ளிகன் பெரும்பான்மை, தலைவர் மிட்ச் மெக்கானல். அவங்க கார்லண்டை ஓட்டுல தோற்கடிக்கலை. ஓட்டுக்கே விடலை. தேர்தல் வருஷம், மக்கள் முடிவு பண்ணட்டும்னு சொல்லி பத்து மாசம் அப்படியே வெச்சிருந்தாங்க. 2020ல ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தது செப்டம்பர் 18. ஏமி கோனி பாரெட்டுக்கு செனட் ஒப்புதல் அக்டோபர் 26, தேர்தலுக்கு எட்டு நாள் முன்னாடி. என்னைக் கேட்டா, விதியை யாரும் மீறலை, சரிதான். ஆனா பண்ணினது நேர்மையான வேலை இல்லை.

இப்போ செனிகிட்ட திரும்பி வரலாம். உள்ளே இருந்த சாவியை வெச்சு சபைக் கட்சி 2021 மே மாசமே அவங்களோட தலைமைப் பொறுப்பைப் பறிச்சது. எம்.பி. சீட்டை யாராலயும் தொட முடியலை. அதை எடுத்தது 2022 ஆகஸ்ட்ல வயோமிங் பிரைமரி வாக்காளர்கள். 37 புள்ளிக்கும் மேல வித்தியாசத்துல தோத்தாங்க. கட்சித் தலைமைக்குப் பயப்படத் தேவையில்லாத ஒரு எம்.பி., பிரைமரியில கண்டிப்பா வந்து ஓட்டு போடுற அந்தச் சின்னக் கூட்டத்துக்குப் பயந்தே ஆகணும். கொறடா இல்லாமலே ஏன் எல்லாரும் கட்சி வரிசைப்படி ஓட்டு போடுறாங்கன்னா, பெரிய காரணம் இதுதான்.

செனியோட சேர்ந்து அன்னைக்கு டிரம்ப்புக்கு எதிரா ஓட்டு போட்ட ரிபப்ளிகன்கள் மொத்தம் 10 பேர். 4 பேர் மறுபடி நிக்கவே இல்லை. 4 பேர் பிரைமரியில தோத்தாங்க. தப்பிச்சது 2 பேர்: கலிஃபோர்னியாவின் டேவிட் வலடாவோ, வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ். இந்த ரெண்டு மாநிலத்துலயும் கட்சிவாரியா பிரைமரி கிடையாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டுல, எல்லா வாக்காளர்களும் போடலாம், முதல் ரெண்டு பேர் நவம்பருக்குப் போவாங்க. அதுக்காக இதை மந்திரம்னு நினைச்சுடாதீங்க. தோத்த 4 பேர்ல ஒருத்தர், ஜேமி ஹெரேரா பியூட்லர், அதே வாஷிங்டன் மாநிலம்தான். மூணாவது இடம் வந்தாங்க.

எலக்டோரல் காலேஜ் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அது அடுத்த எபிசோடுல.